உள்பக்கத் தாழ்ப்பாள்

மிலானோ, இத்தாலி
14 ஜனவரி 2024

தம்பி றொமேஷ்,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலமா இல்லையா என்பது உனக்குத் தேவையில்லை. தேவையென்றால் என் நம்பரை பிளாக் பண்ணியிருக்க மாட்டாய். மாதக்கணக்காகப் போன் எடுத்து எடுத்து என் விரல் தேய்ந்துவிட்டது. ஷானிகாவின் போனுக்கு எடுத்தால் அவள், "அவர் கதைக்க மாட்டாராம் மச்சாள்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். நீ கட்டிய பெண்ணுக்கு உனக்கும் எனக்கும் நடுவில் நின்று அழுவதுதானா வேலை? அதனால் தாளில் எழுதுகிறேன். தாளை பிளாக் பண்ண முடியாது. கிழிக்கலாம்தான், ஆனால் கிழிப்பதற்கும் கையில் எடுக்கத்தானே வேண்டும்.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? லீவில் வந்திருந்தபோது ஷானிகா உன்னைக் கிணற்றடியில் கதிரையில் இருத்திக் குளிப்பாட்டினாள். நான் குசினி ஜன்னலில் நின்று அதை வீடியோ எடுத்தேன். இங்கே எங்கள் கோயில் ஜெபக் குழுவில் போட்டேன். "சங்கு குளிக்கப் போய்க் கால்கள் செயலிழந்த என் தம்பிக்காக மன்றாடுங்கள்" என்று எழுதினேன். எத்தனையோ குடும்பங்கள் உனக்காக ஜெபமாலை சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்கள் அழுதார்கள். ஜெபம் கேட்டது பாவமா? அப்படியென்றால் எந்தக் கட்டளைக்கு எதிரான பாவம் என்று எழுது, சுவாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, சண்டையை ஒரு பக்கம் வைக்கிறேன். எழுத வந்தது இதுதான்: உனக்கு வீட்டுக்குள்ளே ஒரு குளியலறை கட்டப்போகிறேன். ஓப்பன் ஷவர். நான் பார்த்துக்கொள்கிற இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோராவின் வீட்டில் இருப்பது அதுதான். அவளும் சில்லுக் கதிரையில்தான் இருக்கிறாள். வாசலில் படி இல்லை. ஷவரைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு இல்லை, திரை இல்லை, தண்ணீர் மறிக்கும் கட்டு இல்லை. அறை முழுவதும் ஒரே தளம். தண்ணீர் ஓடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு. கதிரையோடு உள்ளே உருண்டு போகலாம், குளிக்கலாம், உருண்டு வெளியே வரலாம். ஒருவரும் உன்னைத் தூக்கத் தேவையில்லை.

இடம் இருக்கிறது. உன் படுக்கையறைக்குப் பக்கத்து ஸ்டோர் அறை. அதற்குள் கிடக்கிற காற்றுச் சிலிண்டர்களையும் கால்துடுப்புகளையும் யாருக்காவது கொடுத்து ஒதுக்கு. இனிமேல் அவை எதற்கு?

படம் ஒன்று வைத்திருக்கிறேன். பார்.

அக்கா டொறத்தி


மாம்புரி
9 பெப்ரவரி 2024

அக்காவுக்கு,

கிழித்தேன். ஷானிகா பொறுக்கி ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டியதைப் படித்துத்தான் எழுதுகிறேன். சில சொற்கள் போய்விட்டன. "இனிமேல் அவை எதற்கு" மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் முழுசாக இருக்கிறது.

அந்த வீடியோ உங்கள் ஜெபக் குழுவோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறீர்களா? மிலானோவிலிருந்து நீர்கொழும்புக்குப் போய், சிலாபத்துக்கு வந்து, கடைசியில் எங்கள் கரைக்கே வந்து சேர்ந்தது. மீன் ஏற்ற வந்த லொறிக்காரன் அதை வின்சன்டிடம் காட்டி, "இந்த ஆளத் தெரியுமா அண்ணே? பாவம் என்ன" என்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வருடம் என்னோடு ஒரே படகில் வந்த வின்சன்டிடம். அவன் அந்தப் போனைப் பறித்து ஐஸ் பெட்டிக்குள் எறிந்தானாம். எறிந்துவிட்டு நேரே என்னிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அப்படித்தான் எனக்கே தெரியவந்தது. நீங்கள் அப்போது கொழும்பில் விமானம் ஏறியிருந்தீர்கள்.

நானும் பார்த்தேன். ஈரக் காற்சட்டையோடு இருக்கிறேன். ஷானிகா என் கையைத் தூக்கிப் பிடித்து அக்குளுக்குச் சவுக்காரம் போடுகிறாள். கண்ணில் சவுக்காரம் போனதால் நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறேன். ஜெபம் கேட்க ஒரு முகம் போதாதா? என்னிடம் ஒரு முகம் இருக்கிறது, கல்யாணப் படத்தில் நன்றாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நோயாளர் மன்றாட்டில் என் பெயரை வாசித்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எதை நினைத்துக்கொண்டு பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை.

இப்போது ஓப்பன் ஷவராம். திரை இல்லை, கூண்டு இல்லை, மறைப்பு இல்லை என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், ஏதோ பெரிய நன்மைபோல. என்னை ஏற்கெனவே ஓப்பன் பண்ணி ஊருக்கும் உலகத்துக்கும் காட்டியாகிவிட்டது. மிச்சம் எதைத் திறக்கப்போகிறீர்கள்?

எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். ஒரு கதவு. அதற்கு உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள். அதைப் போட்டுவிட்டு நான் தனியாகக் குளிக்கவேண்டும். அவ்வளவுதான். கால்கள் போன நாளிலிருந்து என் உடம்பை டொக்டர் பார்த்தார், நர்ஸ் பார்த்தா, அட்டெண்டன் பார்த்தான், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள், ஷானிகா தினமும் பார்க்கிறாள், இப்போது மிலானோவும் பார்த்துவிட்டது. நான் மட்டும்தான் இன்னும் தனியாக இருந்து பார்க்கவில்லை.

ஸ்டோர் அறையை ஒருவரும் தொடக்கூடாது. மேசனை அனுப்பவேண்டாம்.

நீங்கள், உங்கள் என்று எழுதுவது பழக்கத்தால். மரியாதை என்று எண்ணிவிட வேண்டாம்.

றொமேஷ்


மிலானோ
28 பெப்ரவரி 2024

றொமேஷ்,

நீ திட்டினால் திட்டிக்கொள். ஆனால் விளங்காமல் திட்டாதே. ஓப்பன் என்றால் உன்னை நடுத்தெருவில் வைத்துக் குளிப்பாட்டுவது இல்லை. அறைக்குச் சுவர் இருக்கும், அறைக்குக் கதவும் இருக்கும். உள்ளே ஷவருக்கென்று தனிக் கூண்டு இருக்காது, அவ்வளவுதான். படத்தைப் பார்க்காமல் கிழித்தவனுக்கு எப்படி விளங்கும்?

வீடியோவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் இருப்பது என் தம்பி. நீ பிறந்தபோது உன்னைக் குளிப்பாட்டியவளே நான்தான். உன்னைப் பார்க்க எனக்கு வெட்கம் இல்லை. உனக்கு ஏன் இவ்வளவு வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

நீ இருபத்துநாலு மணி நேரமும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஷானிகாவின் முதுகை ஒருநாளாவது பார்த்தாயா? கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கிணற்றடிக்கு, அங்கே பிளாஸ்டிக் கதிரைக்கு, ஈரத்தோடு திரும்பவும் கட்டிலுக்கு. அந்தச் சின்ன உடம்பு எத்தனை தரம் உன்னைத் தூக்கும்? இரவில் திரும்பிப் படுக்க முடியாமல் இருக்கிறாள். உன்னிடம் சொல்லமாட்டாள். என்னிடம் சொன்னாள். சொன்னதற்காக அவளைத் திட்டினால் அடுத்த விமானத்தில் வந்து உன் காதைத் திருகுவேன்.

ஆகையால் உன் சம்மதத்துக்காக நான் காத்திருக்கவில்லை. கல்பிட்டி மேசன் முபாறக் பாஸோடு போனில் கதைத்துவிட்டேன். ஆலங்குடாவில் ஹோட்டல்காரருக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிற ஆள். "ஓப்பன் ஷவர்" என்று நான் வாயெடுத்ததும், "அது எனக்குக் கை வந்த வேல தங்கச்சி, நீங்க ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவல்ல" என்றார். எவ்வளவு நிம்மதி! இப்படிச் சொல்லை விளங்குகிற ஆட்கள் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

டொறத்தி


மாம்புரி
30 மார்ச் 2024, பெரிய சனி

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. வந்து பாருங்கள், அல்லது வரவே வேண்டாம்.

முதலில் ஷானிகா விழுந்தாள். கிணற்றடியில் என்னைத் தூக்கும்போது அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான் அவளுக்கு மேலே விழுந்தேன். சவுக்காரத் தண்ணீருக்குள் இரண்டுபேரும் கிடந்தோம். அவள் எனக்குக் கீழே கிடந்துகொண்டு, "உங்களுக்கு நொந்ததா?" என்று என்னைக் கேட்டாள். அன்றைக்குத்தான் நான் ஓம் என்றேன். முபாறக் வரட்டும், கட்டட்டும் என்று சொன்னேன். அந்த விழுகையில் என் இடுப்பில் பட்ட காயம் புண்ணாகி, நான் புத்தளம் ஆஸ்பத்திரியில் படுத்தேன். ஷானிகாவும் என்னோடு வந்து நின்றாள். வீட்டுத் திறப்பை முபாறக்கிடம் கொடுத்துவிட்டு வந்தோம். நல்ல காரியம் செய்தோம்!

பெரிய வியாழனுக்கு முதல்நாள் வீட்டுக்கு வந்தால், முபாறக் பாஸ் புதுச் சாரம் உடுத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். என்னைத் தானே உருட்டிக்கொண்டு போய் ஸ்டோர் அறைக் கதவைத் தள்ளினார். அண்ணாந்து பார்த்தேன். வானம்.

கூரை இல்லை. ஓடுகளைக் கழற்றி வெளியே அழகாக அடுக்கி வைத்திருக்கிறார். வெளிச் சுவரை நெஞ்சளவுக்கு இடித்து, அதன்மேல் தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டியிருக்கிறார். தரையெல்லாம் கூழாங்கல். கடலில் ஒதுங்கிய ஒரு மரக்கட்டையை நட்டு, அதில் ஷவர் தொங்குகிறது. மூலையில் ஒரு பூச்சாடிகூட இருக்கிறது.

"எப்பிடி தம்பி?" என்றார். "ராவையில நட்சத்திரம் பாத்துக்கிட்டே குளிக்கலாம். வெள்ளக்காரனுவள் இதுக்கெண்டே வாறானுவள்."

"பாஸ், கூரை எங்க?"

"என்ன கூரை? ஒங்கட அக்கா ஓப்பன் எண்டுதானே சொன்னாங்க? நான் ஆலங்குடால இதவிடப் பெருசெல்லாம் செஞ்சிரிக்கிறன். கூரை போட்டா பொறகு அது என்னத்துக்கு ஓப்பன்?"

சொல்லை விளங்குகிற ஆள் என்று எழுதினீர்களே, இவர்தான்.

திட்டி அனுப்பினேன். ஆனால் பெரிய வெள்ளியன்று உடம்பு கழுவாமல் இருக்க மனம் வரவில்லை, ஷானிகாவால் குனியவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் அதற்குள் போனேன். காற்சட்டையைக் கழற்றினேன். ஷவர் கட்டைக்குப் போகும் முன்னமே கதிரைச் சில்லு கூழாங்கல்லுக்குள் புதைந்துவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. ஷவர் எட்டாது, துவாயும் எட்டாது. ஷானிகாவைக் கூப்பிட்டால் திரும்பவும் தூக்க வருவாள் என்று கூப்பிடாமல் இருந்தேன். அப்போது மேலே இருந்து ஒரு குரல்.

"தம்பி, சில்லு இறுகிட்டோ? நான் இறங்கி வரட்டே?"

பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் மரியநாயகம் அண்ணன். கள் இறக்குகிறவர். பெரிய வெள்ளியென்றாலும் பாளை சீவாமல் விட முடியாது என்று ஏறியிருக்கிறார். எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாரோ தெரியாது. இறங்கினார், வேலியைத் தாண்டினார், என்னைக் கதிரையோடு தூக்கி வெளியே வைத்தார். நல்ல மனிதர். தூக்கும்போது முழுநேரமும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் அக்கா என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் குளியலறை எனக்கு வேண்டாம். உங்கள் ஜெபமும் வேண்டாம். நாளைக்கு உயிர்ப்பு ஞாயிறு. உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

றொமேஷ்


மிலானோ
16 ஏப்ரல் 2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். சொல்லாமல் விட்டால் பொய். பூச்சாடி வந்த இடத்தில் ட்ராமில் இருந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவன் எழும்பிப் போய்விட்டான். பிறகு மரியநாயகம் அண்ணன் முகத்தைத் திருப்பிய இடம் வந்தது. இறங்கவேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. கடைசித் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

கள் இறக்குகிற மனிதர், உனக்கு உறவுமில்லை ஒன்றுமில்லை, முகத்தைத் திருப்பியிருக்கிறார். உன் கூடப்பிறந்த நான் ஜன்னலில் நின்று போனைத் தூக்கினேன். படம் ஆடக்கூடாது என்று கையை ஜன்னல் கம்பியில் ஊன்றிக்கொண்டு எடுத்தேன். அது ஞாபகம் வந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

வீடியோவை அழித்துவிட்டேன். குழுவில் இருந்த எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். ஒருத்தி, "ஏன், சுகம் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவளோடு இனிக் கதைக்கமாட்டேன். போனது போனதுதான், திரும்பி வராது, அது எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள் என்று எழுத என் கை பழகவில்லை. இதோ எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

முபாறக் பாஸைப் போனில் கிழித்துவிட்டேன். அவரும் விடவில்லை. "நீங்க பொறகு எனக்கிட்ட ஓப்பன் எண்டா என்னண்டு சொன்னீங்களா?" என்றார். சொல்லவில்லைத்தான். கூரையைத் திரும்பப் போடுவார், சுவரை எழுப்புவார், கல்லை எல்லாம் அள்ளுவார். இந்த முறை எப்படிக் கட்டுவது என்று நீயே அவருக்குச் சொல். நான் வாயே திறக்கமாட்டேன்.

ஒன்றைத் தவிர. தாழ்ப்பாள் கிடையாது. இதில் நான் ஒரு அங்குலமும் இறங்கமாட்டேன். இது என் தொழில், எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் எங்கள் மாடிக்குக் கீழே ஒரு கிழவர் குளியலறையில் பூட்டிக்கொண்டு விழுந்தார். கதவை உடைக்க ஆட்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஈரத் தரை, உணர்ச்சி இல்லாத கால்கள், பூட்டிய கதவு. இந்த மூன்றையும் ஓர் இடத்தில் சேர்க்க நான் விடமாட்டேன். கதவைச் சாத்திக்கொள், ஒருவரும் வரமாட்டார்கள். ஷானிகாவிடம் சத்தியம் வாங்கித் தருகிறேன். ஆனால் பூட்டாதே.

அக்கா


மாம்புரி
8 மே 2024

அக்காவுக்கு,

மன்னிப்பைப் பார்த்தேன். வைத்துக்கொள்கிறேன். கோபம் அதற்குள் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது எனக்குள் நன்றாக ஊறிப்போயிருக்கிறது.

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கூரை போடுவதற்குள் உங்கள் நட்சத்திரக் குளியலறைக்குள் மணல் வந்து நிறைந்துவிட்டது, ஷவர் கட்டைமேல் காகம் இருக்கிறது. முபாறக் பாஸ் தினமும் வருகிறார். தினமும் சண்டை. ஆனால் இப்போது என் கதிரையை அறைக்கு நடுவில் விட்டு, நான் ஒரு முழு வட்டம் திரும்ப, பின்னாலே சோக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு வருகிறார். அந்த வட்டத்துக்குள் ஒன்றும் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு மாபிள். சரிவு கதவுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் போகச் சுவரோரமாக நீளமாக ஒரு கான். சுவரில் மடக்கி வைக்கிற பலகை இருக்கை. பிடித்து மாறுவதற்கு இரண்டு பக்கமும் கம்பி. கையில் எடுத்துப் பிடிக்கிற ஷவர், இருந்தபடியே எட்டும் உயரத்தில். பைப்பைத் திறக்கிற இடம் தண்ணீர் விழுகிற இடத்தில் இல்லை, வாசல் பக்கத்தில். முதல் தண்ணீர் வெயிலில் கொதித்துக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என் கால் சுட்டாலும் எனக்குத் தெரியாது.

கதவு, சுவரோரமாகப் பக்கவாட்டில் ஓடுகிற தள்ளுகதவு. சாதாரணக் கதவென்றால் உள்ளே போன பிறகு அதைச் சாத்த என் கதிரை வழிவிடாது, சாத்த இன்னொருவர் வேண்டும். "கதவைச் சாத்திக்கொள்" என்று எழுதிவிட்டீர்கள். எப்படிச் சாத்துவேன் என்று யோசித்தீர்களா? நான் யோசித்தேன்.

அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருக்கும். தாழ்ப்பாள் இல்லாதது கதவு இல்லை, அது திரைச்சீலை. சத்தியம் வாங்கித் தருவீர்களாம். ஒருவர் வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவதும், ஒருவரால் வர முடியாமல் இருப்பதும் ஒன்றில்லை அக்கா. முதலாவதில் நான் உங்கள் தயவில் குளிக்கிறேன்.

விழுந்தால் என்ன செய்வாய் என்பீர்கள். சொல்கிறேன்.

சிலிண்டர்களையும் கால்துடுப்புகளையும் வின்சன்டுக்குக் கொடுத்துவிட்டேன். கயிற்றைக் கொடுக்கவில்லை. கலங்கல் தண்ணீரில் இறங்கும்போது ஒரு முனை என் இடுப்பில், மறுமுனை படகில் வின்சன்டின் கையில். மேலேயிருந்து ஒருதரம் இழுத்தால் சுகமா என்று அர்த்தம். நான் ஒருதரம் இழுத்தால் சுகம். விடாமல் இழுத்தால், அல்லது கேட்டதற்குப் பதில் வராவிட்டால், தூக்கு. அந்தக் கயிறு ஒருநாளும் பிழை விடவில்லை. கால்கள் போன அன்றும் கயிற்றில் பிழை இல்லை. சங்கு நிறையக் கிடந்த ஆசையில் நான்தான் அடியில் அதிக நேரம் நின்றேன், அவசரப்பட்டு மேலே வந்தேன்.

அந்தக் கயிறு இனிக் குளியலறைச் சுவர் ஓட்டையால் வெளியே வரும். ஒரு முனை என் இருக்கைக்குப் பக்கத்தில். மறுமுனை ஷானிகாவின் கையில், அல்லது யார் நிற்கிறார்களோ அவர்கள் கையில். தாழ்ப்பாள் என் பக்கம். பதில் வராவிட்டால் உடைக்கக் கோடரி ஒன்றைக் கதவுக்கு வெளியே மாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முபாறக் பாஸ் இதைக் கேட்டுவிட்டு, "அல்லாஹ்வே, இது குளிக்கிற அறயா, கப்பலா?" என்றார்.

நீங்கள்தான் எழுதினீர்கள், "சங்கு குளிக்கப் போய்" என்று. பன்னிரண்டு வருடம் "குளிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் நான் இந்த வீட்டைவிட்டு இறங்கினேன். அந்தக் குளிப்பில் இதைவிட ஆபத்து இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடலுக்கு அடியில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. கயிறு மட்டும் இருந்தது, அது போதுமாக இருந்தது. இப்போது ஒரு வாளித் தண்ணீருக்கு ஏன் எல்லோருடைய கண்ணும் வேண்டும்?

தாழ்ப்பாள் இல்லையென்றால் திரும்பவும் கிணற்றடிதான். அப்போது ஷானிகாவின் முதுகு உங்கள் கணக்கில்.

றொமேஷ்


மிலானோ
27 மே 2024

பிடிவாதக்காரனுக்கு,

ஷானிகாவின் முதுகை என் தலையில் கட்டிவிட்டாய். நல்ல வேலை. நீ கடலுக்குப் போகாமல் வழக்கறிஞருக்குப் படித்திருக்கலாம்.

கோடரி என்று படித்ததும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியிலிருந்து திறக்கக்கூடிய கள்ளத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது, பார்த்தால் தெரியாது, காசைச் சொருகித் திருப்பினால் திறந்துவிடும். உனக்குச் சொல்லாமல் அதைப் போடச் சொல்லலாம் என்று முபாறக் பாஸுக்குப் போனும் எடுத்துவிட்டேன். அவர் "ஹலோ" என்றார். நான் "சுகமா பாஸ்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இதை ஏன் உனக்குச் சொல்கிறேன்? நான் செய்யாமல் விட்ட ஒன்றாவது உனக்குத் தெரியட்டும் என்று.

இன்னொன்று. சிஞ்ஞோராவைக் குளிக்க வார்க்கும்போது நான் எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அடுப்பில் இருப்பதைப் பார்க்கவேண்டும், போன் வந்தால் எடுக்கவேண்டும். அவள் துவாயை மடியைவிட்டு எடுக்கவே மாட்டாள். குளிருகிறதாக்கும் என்று ஹீட்டரைக் கூட்டி வைப்பேன். மூன்று வருடமாக ஹீட்டரைக் கூட்டி வைத்திருக்கிறேன், மடைச்சி. போன கிழமை கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கிழவி அரை மணி நேரம் வெளியே வரவில்லை. தட்டினால், "இன்னும் முடியவில்லை" என்கிறாள். கதவுக் கைப்பிடியில் கையை வைத்தபடியே நின்றேன். உன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

தாழ்ப்பாளைப் போடு. கயிறு புதுக் கயிறாக இருக்கட்டும். உன்னுடைய அந்தப் பழையது உப்பில் இற்றுப்போயிருக்கும்.

முதல்நாள் எப்படி இருந்தது என்று எனக்கு ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். இது என் கட்டளை.

அக்கா


மாம்புரி
4 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

கயிறு இற்றுப்போகவில்லை. பழையதையே போட்டேன்.

கட்டி முடிந்தும் சில நாள் காத்திருந்தேன். மாபிளுக்குப் பூசிய சீமெந்து இறுகட்டும் என்று ஷானிகாவிடம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். கிணற்றடியில் குளித்துக்கொண்டே உங்களைத் திட்டுவது லேசு. தனியாக உள்ளே போய் ஒன்றும் சரிவராவிட்டால், பிறகு யாரைத் திட்டுவது?

தலவில் கோயில் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டு போயின. வின்சன்ட் ஆட்டோ கொண்டுவந்து என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். போவதா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஷானிகா துவாயை என் மடியில் வைத்தாள். நான் கதிரையைத் திருப்பினேன்.

"குளிக்கப் போறன்" என்றேன்.

அந்தச் சொல்லை நான் விபத்துக்குப் பிறகு சொன்னதே இல்லை. "குளிப்பாட்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.  அவள் பழையபடி, நான் விடியற்காலையில் கரைக்கு இறங்கும்போது சொல்வதுபோலவே, "கவனம்" என்றாள்.

உள்ளே போனேன். கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெளியே நடந்ததை ஷானிகா சொன்னாள், அதை எழுதுகிறேன். அவள் கதவுக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டு இருந்துகொண்டு கயிற்று முனையைக் கையில் சுற்றி வைத்திருந்தாளாம். முதலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதாம். பிறகு கேட்கவில்லையாம். பயந்து ஒருதரம் இழுத்தாளாம். நான் ஒருதரம் இழுத்தேன். வின்சன்ட் வந்துவிட்டான். "இவ்வளவு நேரமா? மீன் பிடிக்கிறானோ உள்ள?" என்று கேட்டுக்கொண்டு கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, நிலத்தில் குந்தினானாம். அவன் இழுத்தது எனக்குக் கை வித்தியாசத்திலேயே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் தெரிந்த கை. ஒருதரம் இழுத்தான். ஒருதரம் இழுத்தேன். அதற்குப் பிறகு அவன் குனிந்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். சோறு ஆறிப்போனது. கோடரி ஆணியிலேயே தொங்கியது.

பிறகு கோயிலுக்குப் போனேன். தலவிலில் சனம் நிறைய. பார்த்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உங்கள்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அந்த வீடியோ இன்னும் யாரோ ஒருவனின் போனில் இருக்கும், நான் செத்த பிறகும் இருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எழுதுகிற பேனையை எறியத் தோன்றுகிறது. உங்கள் நம்பரை இன்னும் திறக்கவில்லை. கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் பரவாயில்லை.

முதல்நாள் எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னீர்கள். ஷானிகாவிடமும் போனில் கேட்டீர்களாம். அவளுக்குத் தெரியாது அக்கா. வின்சன்டுக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்லமாட்டேன். தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

றொமேஷ்